ரோபோகான் அணியோடு ரிச்சி தெருவில்: எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது

சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் அண்ணா சாலையை ஒட்டியிருக்கும் ரிச்சி தெருவுக்குக் கைப்பேசி பழுதுபார்க்கவும், கணினிக்கு உதிரிபாகம் வாங்கவும், கண்காணிப்பு கேமராவுக்கு விலை கேட்கவும் போகிறவர்களுக்குக் கணக்கில்லை. அவர்களுக்கான குறிப்புகளும் ஏராளமாகக் கிடைக்கின்றன. போட்டிக்கு ரோபோ செய்யும் மாணவர் அணிக்கு அந்தத் தெரு எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்று கேட்டால்தான் பதில் சொல்ல ஆள் குறைவு. கோவை மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் ரோபோகான் அணிக்குப் பொறுப்பாசிரியராக இருக்கிறேன். 2024ஆம் ஆண்டுப் போட்டிக்காக எங்கள் அணி மூன்று முறை அங்கே போய் வந்தது. அந்த மூன்று பயணங்களில் கண்டதை வைத்துத்தான் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடை மேசையின் மேல் வைத்துச் சோதித்துப் பார்க்கக்கூடிய மின்னணுப் பொருள் எதுவானாலும், அதற்கு ரிச்சி தெருவை விஞ்சிய இடம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து கிடையாது. முழுச் சுமையோடு பத்து நிமிடம் ஓடிய பிறகுதான் தன் குணத்தைக் காட்டும் பொருளை மட்டும் அங்கே வாங்கக் கூடாது. இந்த வேறுபாடு தெரியாமல் முதல் பயணத்தில் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்ததால், எங்கள் அணி ஏறத்தாழ மூன்று வாரத்தை இழந்தது.

ரோபோகான் பற்றி அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2002இல் தோக்கியோவில் தொடங்கிய கல்லூரி மாணவர் போட்டி அது. போட்டியை நடத்தும் நாடு தன் மண்ணுக்குரிய ஒன்றை எடுத்து விளையாட்டாக மாற்றும். 2008இல் புனேயில் நடந்தபோது உறியடி வந்தது. 2022இல் மறுபடி இந்தியா நடத்தியபோது, நம் பிள்ளைகள் ஏழுகல் என்று ஆடும் லகோரி வந்தது. 2024இல் வியட்நாம் தன் மலைச்சரிவு நெல்வயல்களை எடுத்துக்கொண்டு 'அறுவடை நாள்' என்று பெயர் வைத்தது. முதல் ரோபோ நாற்று நட்டுவிட்டு, நெல்மணிகளாகக் கொள்ளப்படும் பந்துகளை அடுத்த பகுதிக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவது ரோபோ யாருடைய கட்டுப்பாடும் இல்லாமல், தானாகவே பந்துகளைப் பொறுக்கி, பதரை ஒதுக்கி, மணியை மட்டும் குதிரில் போட வேண்டும். ஆட்டத்துக்கு மூன்று நிமிடம். இரண்டு ரோபோக்களும் சேர்ந்து 50 கிலோவுக்குள் இருக்க வேண்டும். நாற்று, பதர், குதிர் என்று விதிப்புத்தகத்தைத் தமிழில் விளக்கிச் சொன்னபோது, விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்த மாணவர்கள் முகத்தில் தெரிந்த தெளிவை நான் வேறு எந்த ஆண்டிலும் கண்டதில்லை. இந்தியாவுக்கான தேசியப் போட்டியைத் தூர்தர்ஷனும் டெல்லி ஐ.ஐ.டி.யும் சேர்ந்து டெல்லியில் நடத்தின.

இரும்பு வேலைக்குக் கோவைக்காரர்கள் வெளியூர் போக வேண்டிய தேவையே இல்லை. அலுமினியத் தகட்டை லேசரில் வெட்டவும், தண்டைக் கடைசலில் பிடிக்கவும், காற்றழுத்த சிலிண்டர் வாங்கவும் பீளமேட்டிலிருந்து கணபதி வரைக்கும் பட்டறைகள் இருக்கின்றன. காந்திபுரம் பக்கம் மின்னணுக் கடைகளும் உண்டு. ஆனால் ஒரே வகை மோட்டார் எட்டு வேண்டும், அவை எட்டும் ஒன்றுபோல ஓட வேண்டும், அதை நாங்களே பார்த்துப் பொறுக்க வேண்டும் என்று கேட்டால், உள்ளூர்க் கடையில் இரண்டுதான் இருக்கும். மீதியை வரவழைத்துத் தருவதாகச் சொல்வார்கள். எங்கள் இரண்டு ரோபோக்களிலும் சேர்த்துப் பதினேழு மோட்டார்கள். அதனால்தான் சென்னைக்கு ரயில் ஏறினோம். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் போவதாக இருந்த பயணம் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், வெள்ளம் வடிந்து கடைகள் இயல்புக்குத் திரும்பிய பிறகு, மாத நடுவில் சேரன் எக்ஸ்பிரஸில் ஆறு பேராகப் போனோம்.

சென்ட்ரலில் இறங்கினால் மெட்ரோவில் அடுத்த நிலையமே அரசினர் தோட்டம். அங்கிருந்து நடந்தே போய்விடலாம். ரிச்சி தெரு என்று எல்லோரும் சொன்னாலும், சந்தை அந்த ஒரு தெருவோடு நிற்பதில்லை. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை என்று சுற்றியுள்ள தெருக்களிலும் சந்துகளிலும் மாடிகளிலும் பரவிக் கிடக்கிறது. தரைத்தளத்தில் கண்ணாடிக் கதவோடு பளிச்சென்று இருக்கும் கடைகளில் பெரும்பாலும் கைப்பேசித் துணைப்பொருள்களும் கணினிகளும்தான். ரோபோவுக்கு வேண்டியவை மாடிப்படி ஏறிப் போகும் சிறிய கடைகளில் கிடைக்கின்றன. ஒருவர் நின்றால் இன்னொருவர் ஒதுங்க வேண்டிய அளவுக்கு இடம்; சுவர் முழுக்கச் சிறிய பிளாஸ்டிக் இழுப்பறைகள்; ஒவ்வொன்றின் மேலும் பொருளின் ஒரு மாதிரியைப் பசை நாடாவால் ஒட்டியிருப்பார்கள். பெயர் தெரியாத பொருளைக்கூடக் கையால் சுட்டிக்காட்டி வாங்கிவிடலாம். முதலாமாண்டு மாணவர் ஒருவருக்கு இந்தச் சுவரே பாடநூலாக இருந்தது. நானும் அவரை அவசரப்படுத்தவில்லை.

எங்களுக்குக் கிடைத்த நல்ல அனுபவங்களில் முதலாவதாக நான் சொல்ல விரும்புவது என்கோடர் வாங்கிய கதை. அச்சு எவ்வளவு சுற்றியது, எந்தப் பக்கம் சுற்றியது என்பதை இரண்டு தடங்களில் மின்துடிப்புகளாகச் சொல்லும் கருவி அது. இரண்டாவது ரோபோ தானே ஓட வேண்டியது என்பதால், தான் எங்கே இருக்கிறோம் என்பதை அது ஒவ்வொரு நொடியும் அறிந்திருக்க வேண்டும். அதற்காக, எடையைச் சுமக்காமல் தரையைத் தொட்டபடி உருண்டு மட்டும் வரும் சிறிய அளவுச் சக்கரம் ஒன்றைப் பொருத்தி, அதன் அச்சில் என்கோடரைக் கோத்திருந்தோம். ஒரு சுற்றுக்கு 600 துடிப்பு தரும் என்கோடரில் இரண்டு தடங்களின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் எண்ணினால் 2,400 கணக்கு வரும். 58 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் 182 மில்லிமீட்டர் போகும். ஆகவே ஒரு கணக்குக்கு 0.076 மில்லிமீட்டர். தாளில் போட்ட கணக்கு இவ்வளவு அழகாக வந்ததும், பொருளை வாங்கினால் வேலை முடிந்தது என்றே மாணவர்கள் நினைத்தார்கள்.

மாடிக் கடை ஒன்றில் என்கோடரை வாங்கி, நாங்கள் கொண்டுபோயிருந்த ஆர்டுயினோ என்ற சிறிய கட்டுப்பாட்டுப் பலகையில் இணைத்து, அச்சைச் சுற்றினால் எண் ஏறவே இல்லை. வேறொன்றை மாற்றினோம், அதிலும் ஏறவில்லை. எல்லாம் பழுதான சரக்கு என்று மூன்றாமாண்டு மாணவி முடிவே கட்டிவிட்டார். கடையின் மூலையில் பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது ஓப்பன் கலெக்டர் பாப்பா, தானா மேல வராது, நாமதான் இழுத்து விடணும்" என்றார். அந்த வகை என்கோடர் சைகைக் கம்பியைக் கீழே இழுக்க மட்டுமே செய்யும்; மேலே ஐந்து வோல்ட்டுக்கு ஏற்ற வெளியிலிருந்து ஒரு மின்தடை வேண்டும். இழுப்பறையிலிருந்து 4.7 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டை எடுத்து, இரண்டு சைகைக் கம்பிகளுக்கும் ஐந்து வோல்ட்டுக்கும் இடையில் சால்டர் வைத்தார். தம் மேசையிலிருந்த அலைக்காட்டியில் இணைத்து அச்சைச் சுற்றச் சொன்னார். திரையில் இரண்டு சதுர அலைகள், ஒன்றுக்கொன்று கால் பங்கு தள்ளி, ஓடத் தொடங்கின. எந்தப் பக்கம் சுற்றினால் எந்த அலை முந்துகிறது என்பதை அந்த மாணவியின் கையாலேயே சுற்ற வைத்துக் காட்டினார். மின்தடைக்குக் காசு வாங்கவில்லை. வகுப்பில் நான் இரண்டு மணி நேரம் நடத்திய பாடம் அந்த மேசையில் பத்து நிமிடத்தில் அவர்களுக்குப் பிடிபட்டது. இணையத்தில் வாங்கியிருந்தால், பழுது என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டு, அடுத்ததும் பழுது என்றே சொல்லியிருப்போம்.

கம்பி வாங்கியதும் இதைப் போன்றதே. மின்கலத்திலிருந்து மோட்டார் போர்டுகளுக்குப் போகும் தடித்த கம்பி 12 கேஜ் சிலிக்கான் உறைக் கம்பியாக இருக்க வேண்டும். அலுமினிய இழையின் மேல் செம்பு முலாம் பூசிய மலிவான கம்பியும் அதே நிறத்தில், அதே தடிமனில் விற்கிறது. அசலில் இழையைச் சுரண்டினால் வெளியில் வெள்ளீயப் பூச்சும் உள்ளே செம்பும் தெரியும்; போலியில் வெளியில் செம்பும் உள்ளே வெள்ளையும் தெரியும். "கத்தி வச்சு நீயே சுரண்டிப் பாரு தம்பி" என்று கடைக்காரரே பிளேடை நீட்டினார். இரண்டு வகையும் அவரிடம் இருந்தன. எது எதற்கு என்று மறைக்காமல் சொல்லித்தான் விற்றார். சுரண்டிப் பார்க்க விடாத கடையில் ஒரு மீட்டர் கம்பிகூட வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

மின்கல இணைப்பான்களிலும் இந்த எச்சரிக்கை தேவை. எக்ஸ்.டி. 60 வகையில் அசலின் நைலான் உடல் சால்டர் வெப்பத்தைத் தாங்கும். மட்டமான போலியில், கம்பியை ஒட்டி முடிப்பதற்குள் பிளாஸ்டிக் இளகி உள்ளிருக்கும் உலோக முனை சாய்ந்துவிடும். ஒரு ஜோடி வாங்கி, அந்தக் கடையிலேயே சால்டர் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு இருபது ஜோடி வாங்கினோம்.

மோட்டார்கள் விஷயத்தில் மாணவர்கள் செய்த ஒரு காரியத்தை இங்கே பதிவு செய்ய வேண்டும். விளிம்பில் சாய்வாக உருளைகள் பதித்த மெக்கானம் சக்கரங்கள் நான்கும் சேர்ந்தால்தான் ரோபோ பக்கவாட்டில் நகரும். நான்கு மோட்டார்களில் ஒன்று மெதுவாக ஓடினாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். நிரல் அதைத் திருத்தும் என்றாலும், திருத்த வேண்டிய அளவு குறைவாக இருந்தால் நல்லது. நிமிடத்துக்கு 300 சுற்று என்று எழுதிய 24 வோல்ட் பிளானட்டரி கியர் மோட்டார்கள் ஒரு கடையில் அட்டைப்பெட்டி நிறைய இருந்தன. வேகமானியை யாரும் எடுத்து வரவில்லை. ஒரு மாணவர் ஒவ்வொரு மோட்டாரின் தண்டிலும் சிறு துண்டு வெள்ளை நாடாவை ஒட்டி, கடைக்காரரின் மின்வழங்கியில் ஓடவிட்டு, கைப்பேசியில் நொடிக்கு 240 படம் பிடிக்கும் மெதுவோட்டத்தில் பதிவு செய்தார். 300 சுற்று என்றால் நொடிக்கு ஐந்து சுற்று. அதாவது நாடா ஒரு முறை சுற்றி வர 48 படம் ஆக வேண்டும். பெரும்பாலானவை 47, 48, 49 என்று வந்தன. மூன்று மோட்டார்கள் 52 படம் எடுத்துக்கொண்டன. அப்படியென்றால் அவற்றின் வேகம் ஏறத்தாழ 277தான். அவற்றை ஒதுக்கிவிட்டு, ஒத்துப்போகும் எட்டைத் தேர்ந்தெடுத்தோம். ஒன்றரை மணி நேரம் மேசையை நாங்கள் அடைத்துக்கொண்டிருந்தும் கடைக்காரர் முகம் கோணவில்லை. மற்ற வாடிக்கையாளர்கள் வந்து எட்டிப் பார்த்து, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு, எந்தக் கல்லூரி என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். தண்டைக் கையால் ஆட்டிப் பார்த்தால் பல்சக்கரத்தின் தளர்வும் அங்கேயே தெரிந்துவிடுகிறது. எந்த இணையக் கடையும் இந்த வசதியைத் தராது.

இனி, நடந்த தவற்றுக்கு வருகிறேன்.

ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு டிரைவர் போர்டு வேண்டும். கட்டுப்பாட்டுப் பலகை தரும் சிறு சைகையைக் கேட்டு, மின்கலத்தின் பெருமின்னோட்டத்தை மோட்டாருக்குத் திறந்துவிடுவது அதன் வேலை. ரிச்சி தெருவில் எங்கு கேட்டாலும் முதலில் எடுத்து வைப்பது, இன்பினியனின் பி.டி.எஸ். 7960 சில்லு இரண்டை வைத்து யார் யாரோ தயாரிக்கும், பின்புறம் கறுப்பு வெப்பவாங்கி திருகிய அந்தச் சிறிய போர்டைத்தான். அதன் பையில் '43 ஆம்பியர்' என்று எழுதியிருக்கும். மாணவர்கள் அந்த எண்ணை நம்பினார்கள். நானும் தடுத்துக் கேட்கவில்லை. அந்த 43 என்பது, மின்னோட்டம் அந்த அளவைத் தொட்டால் சில்லு தன்னைக் காத்துக்கொள்ளக் குறுக்கிடும் எல்லை. தொடர்ந்து கொடுக்கலாம் என்ற உறுதிமொழி அதில் எங்கேயும் இல்லை. தரவுத்தாளில் மின்னோட்டம் கடக்கும் பாதையின் தடை 16 மில்லி ஓம் என்று இருக்கிறது. 15 ஆம்பியரில் அது 3.6 வாட் வெப்பம். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த வெப்பவாங்கியால் சமாளிக்க முடியும். 43 ஆம்பியரில் ஏறத்தாழ 30 வாட். சிறிய சால்டரிங் இரும்பின் சூடு. சூடேறினால் தடையும் கூடும் என்பதால் உண்மையில் அதற்கும் மேலே போகும். இந்தக் கணக்கைக் கடைக்குப் போவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

எட்டு போர்டுகள் வாங்கினோம். இரண்டைச் சோதித்துப் பார்த்தோம், இரண்டும் ஓடின. மூன்றாவதை எடுத்தபோது, "எல்லாம் ஒரே லாட்டுதான் சார், ரெண்டு பாத்தா போதும்" என்றார் கடைக்காரர். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் நாங்களும் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். கல்லூரியில் வந்து பார்த்தால் இரண்டு போர்டுகள் ஒரு திசையில் மட்டுமே மோட்டாரைச் சுற்றின. அது உடனே தெரிந்த பழுது, ஒதுக்கி வைத்துவிட்டோம். எங்களை அலைக்கழித்தது தெரியாத பழுதுதான். ரோபோ ஐந்து நிமிடம் நன்றாக ஓடும். பிறகு ஒரு சக்கரம் மட்டும் நின்றுவிடும். மின்சாரத்தை அணைத்துப் போட்டால் மறுபடி ஓடும். அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டதால், நிரலில்தான் கோளாறு என்று எல்லோரும் நம்பினோம். மென்பொருள் பிரிவு மாணவர்கள் மூன்று வாரம் இரவு பதினோரு மணி வரைக்கும் உட்கார்ந்து, சரியாக எழுதியிருந்த நிரலைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்தார்கள். ஒருவர் தம்மால்தான் அணி தோற்கப்போகிறது என்று என்னிடம் வந்து சொன்னபோது எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு மாணவி, நின்றுபோன சக்கரத்தின் போர்டை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். சில்லு அளவுக்கு மீறிச் சூடானால் தன்னை அணைத்துக்கொண்டு, மறுபடி எழுப்பும் வரைக்கும் அப்படியே பூட்டிக் கிடக்கும் இயல்புடையது. எழுப்ப வேண்டிய முனையை நாங்கள் நிரந்தரமாக ஐந்து வோல்ட்டில் கட்டியிருந்ததால், மின்சாரத்தை அணைத்துப் போட்டால் ஒழிய அது எழவில்லை. பிழையைச் சொல்லும் முனை ஒன்றும் போர்டில் இருக்கிறது. அதில் நாங்கள் கம்பியே இணைக்கவில்லை. வெப்பவாங்கியைக் கழற்றிப் பார்த்தோம். சில்லுக்கும் அதற்கும் நடுவில் இருக்க வேண்டிய வெப்பக் கடத்தும் அட்டை ஓரத்தில் மடங்கி, பாதிப் பரப்புதான் தொட்டுக்கொண்டிருந்தது. கம்பி கட்டியதில் எங்கள் பங்கு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அட்டை மடங்கிய போர்டு கடையில் பார்த்த இரண்டு போர்டுகளைப் போலவே பளபளவென்றுதான் இருந்தது. மேசையில், சுமையில்லாத மோட்டாரில், அது எந்தக் குறையும் இல்லாமல் ஓடியிருக்கும்.

பிப்ரவரியில் இரண்டாவது முறை போனபோது, ஒரு திசையில் மட்டும் ஓடிய இரண்டு போர்டுகளையும் கொண்டுபோய்க் காட்டினோம். சுவரில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகையைக் கை காட்டினார்கள். சத்தமும் போடவில்லை, இரங்கவும் இல்லை. அந்தப் பலகை தெருவில் பல கடைகளில் இருக்கிறது. வாங்கும்போதே அதைப் படித்துவிட்டு, படித்ததற்கேற்ப நடந்துகொள்ள வேண்டும். எத்தனை போர்டு வாங்குகிறோமோ அத்தனையையும் சோதிக்க வேண்டும். ரயிலைத் தவறவிட்டாலும் பரவாயில்லை.

பிறகு நாங்கள் சக்கரங்களுக்கு மலேசியாவின் சைட்ரான் நிறுவனத்தின் இரட்டை மோட்டார் போர்டை இணையத்தில் வரவழைத்தோம். தொடர்ந்து 10 ஆம்பியர், சில நொடிகளுக்கு 30 ஆம்பியர் என்று இரண்டு எண்களையும் அவர்கள் தனித்தனியே வெளியிடுகிறார்கள். ஒரு மோட்டாருக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை. போர்டிலேயே சோதனைப் பொத்தான்கள் இருப்பதால், நிரலே இல்லாமல் மோட்டாரை இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்க்கலாம். பழுது நிரலிலா கம்பியிலா என்ற சண்டை எங்கள் அணியில் அன்றோடு முடிந்தது. ரிச்சி தெருவில் வாங்கிய போர்டுகளை வீணாக்கவில்லை. பந்தைப் பிடிக்கும் கைக்கும், நாற்றைத் தூக்கும் சிறிய மோட்டாருக்கும் அவை கடைசி வரைக்கும் நன்றாகவே உழைத்தன.

லித்தியம் பாலிமர் மின்கலத்தையும் இந்தத் தெருவில் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். ஆறு அறை கொண்ட 22.2 வோல்ட் மின்கலம் புதிதாக வரும்போது ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 3.8 வோல்ட்டில் இருக்க வேண்டும். அறைகளுக்கு இடையில் வேறுபாடு மிகச் சிறிதாக இருக்க வேண்டும். இதைச் சிறிய அளவுகருவியால் கடையிலேயே பார்க்கலாம். நாங்கள் பார்த்த ஒன்றில் ஓர் அறை மட்டும் 3.5இல் கிடந்தது. அதை நாங்கள் சொன்னதும் கடைக்காரர் மறுபேச்சு இல்லாமல் எடுத்து உள்ளே வைத்துவிட்டார். ஆனால் உள்தடை எவ்வளவு, எத்தனை மாதம் அலமாரியில் இருந்தது என்பதெல்லாம் மேசையில் தெரியாது. மின்கலத்தில் பழுது என்றால் ரோபோ நிற்பதோடு போகாது, தீப்பிடிக்கும். மாணவர்கள் கூட இருக்கும்போது அந்த அபாயத்தை நான் ஏற்க மாட்டேன். தயாரிப்பு மாதத்தை எழுதிக் கொடுக்கும் விற்பனையாளரிடம் கூடுதல் பணம் கொடுத்து வாங்கினோம்.

கட்டுப்பாட்டுப் பலகைகள் நடுவில் நிற்கின்றன. ஆர்டுயினோ மெகாவின் நகல் தாராளமாகக் கிடைக்கிறது; இரண்டு நிமிடத்தில் கணினியில் இணைத்து நிரல் ஏற்றிப் பார்த்துவிடலாம் என்பதால் தயங்காமல் வாங்கலாம். நகலா அசலா என்பதைவிட, அந்தப் பலகையில் உடனடிக் குறுக்கீட்டுக்கு, அதாவது சைகை மாறிய கணமே ஓடும் நிரலை நிறுத்தி அதைக் கவனிக்க வைப்பதற்கு, ஆறு முனைகளே உண்டு என்பதும், திசைகாட்டும் உணரியை இணைத்தால் அவற்றில் இரண்டு போய்விடும் என்பதும்தான் அணிகள் யோசிக்க வேண்டியது. நான்கு சக்கர என்கோடர்களுக்கு மீதி நான்கு முனையும் சரியாகப் போய்விடும். அளவுச் சக்கரத்துக்கு இன்னொரு பலகை வேண்டும். பொருள் வாங்கப் போவதற்கு முன் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

பில் பற்றி ஒரு வார்த்தை. கல்லூரிக் கணக்கில் பணம் திரும்பப் பெற வேண்டுமானால், கல்லூரியின் ஜி.எஸ்.டி. எண்ணோடு முறையான பில் வேண்டும். விலை பேசும்போது பில்லைப் பற்றிப் பேசாமல் விட்டுவிட்டுக் கடைசியில் கேட்டால், அதுவரைக்கும் சொன்ன விலையின் மேல் 18 விழுக்காடு ஏறும். முதல் பயணத்தில் இரண்டு கடைகளில் இது நடந்தது. அந்தத் தொகையை மாணவர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக் கொடுத்தார்கள். கடைக்குள் நுழைந்ததும், "அண்ணா, எங்களுக்கு பில் வேணும், பில்லோட விலை சொல்லுங்க" என்று தொடங்குவதே நல்லது. பேரம் பேசலாம். பத்து ரூபாய் மின்தடைக்குப் பேரம் பேசி நேரத்தைக் கெடுத்துக்கொள்ளாமல், எட்டு மோட்டாருக்குப் பேசினால் குறைத்துத் தருகிறார்கள்.

போட்டி விதி கேட்கும் சிவப்பு நிற அவசர நிறுத்தப் பொத்தான் இங்கே கிடைக்கிறது. ஆனால் அதில் எழுதியிருக்கும் ஆம்பியர் மாறுமின்னோட்டத்துக்கானது. மின்கலத்தின் நேர்மின்னோட்டத்தை அதே பொத்தானால் அறுக்க முயன்றால் உள்முனை பொசுங்கும். பொத்தானால் ரிலேயை (சிறு மின்னோட்டத்தால் பெருமின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) இயக்கி, ரிலேயால் மின்கலத்தைத் துண்டியுங்கள். பேரிங், திருகு, அலுமினியக் குழாய் ஆகியவற்றை இங்கே தேட வேண்டாம். அவற்றுக்குப் பாரிமுனைப் பக்கம் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலை நெரிசலில் யாரும் உங்களுக்கு மேசையை விட்டுத் தர மாட்டார்கள். வாரநாளில் காலை பதினொன்றுக்குப் போனால், சோதிக்கவும் இடம் கிடைக்கும், பேசவும் ஆள் கிடைக்கும். மாணவிகள் தனியாகப் போய் வரத் தயங்க வேண்டியதில்லை. ஜூலையில் எங்கள் அணியிலிருந்து இருவர் அப்படித்தான் போனார்கள்.

அந்த ஜூலைப் பயணம் திட்டத்தில் இல்லாதது. டெல்லிக்குப் போகத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸைப் பிடிக்க ரோபோப் பெட்டிகளோடு சென்ட்ரலுக்கு வந்து இறங்கியபோது, இரண்டாவது ரோபோவின் என்கோடர் கம்பி இணைப்பானுக்குப் பக்கத்தில் அறுந்திருப்பதைக் கண்டோம். ரயில் இரவு பத்து மணிக்கு. பெட்டிகளுக்குக் காவலாக மற்றவர்கள் நடைமேடையில் இருக்க, மாணவிகள் இருவரும் மெட்ரோ ஏறிப் போனார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மாடிக் கடையில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. அலைக்காட்டி வைத்திருந்த பெரியவர் அவர்களை அடையாளம் கண்டு ஷட்டரைத் தூக்கினார். கம்பியைப் புதிதாக வெட்டி, இணைப்பானை மாற்றி, இழுத்தாலும் விடாதபடி சுருங்கு உறை போட்டு, பழைய அலைக்காட்டியில் இரண்டு சதுர அலையும் வருகின்றனவா என்று பார்த்த பிறகே கொடுத்தார். கூடவே அதே நீளத்தில் இன்னொரு கம்பியும் தயாராக்கி, "ஒண்ணு அறுந்தா இன்னொண்ணும் அறுந்துடும், வெச்சுக்கோங்க" என்று பையில் போட்டார். இரண்டுக்கும் சேர்த்து எண்பது ரூபாய் வாங்கினார். இந்த முறை பில் கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. ஒன்பதரைக்கு நடைமேடைக்கு வந்துவிட்டார்கள். டெல்லியில் இரண்டாவது ஆட்டத்துக்கு முன் அந்த மாற்றுக் கம்பியைத்தான் போட்டோம்.